மாட்டுப் படம் போட்ட டப்பா

ஜாமில் இனிப்பு கொஞ்சம் தூக்கலாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த ஆண்டு ருபார்ப் தண்டு ஒரே புளிப்பு. அதைச் சரிக்கட்டப் போய்ச் சர்க்கரை மிஞ்சிவிட்டது. ரொட்டியில் முதலில் வெண்ணெயைத் தடவிக்கொண்டால் அவ்வளவாகத் தெரியாது. காலணியைக் கதவருகே கழற்றிவிட்டு வந்தீர்களே, அதற்கு நன்றி. தோர்ஷான் நகரிலிருந்து வருகிற அதிகாரிகள் சிலர் ஈரக்காலோடு அப்படியே உள்ளே நுழைந்துவிடுகிறார்கள்.

நீங்கள் டாக்டர் கிர்ஸ்டனைப் பற்றி விசாரிக்க வந்திருக்கிறீர்கள். தெரியும். டென்மார்க்கிலிருந்து வந்த அந்தப் பெண் என் கணவன் மொர்த்தனை நேரில் பார்க்காமலே ஸ்டீராய்டு களிம்பு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார், அதனால் அவன் கண் போயிற்று என்பது புகார். இடது கண்ணில் பார்வை அடியோடு இல்லை. வலது கண்ணில் நடுவே கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. சாவித் துவாரம் வழியாகப் பார்ப்பதுபோல் இருக்கிறது என்கிறான். அந்த மிச்சமாவது நிற்குமா என்பதுதான் இப்போது இந்த வீட்டில் இருக்கிற ஒரே கேள்வி. அவன் பக்கத்து அறையில் ரேடியோ கேட்டுக்கொண்டிருக்கிறான். எந்தக் கப்பல் எங்கே நிற்கிறது, யாருக்கு என்ன மீன் கிடைத்தது என்று சொல்கிற நேரம் இது. சத்தத்தைக் கூட்டி வைத்திருப்பதால் நாம் பேசுவது அவனுக்குக் கேட்காது.

டாக்டர் மேல் தப்பில்லை. அதைச் சொல்லத்தான் உங்களை உட்காரச் சொன்னேன். ஆனால் அதை மட்டும் சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். முதலிலிருந்தே சொல்கிறேன்.

எங்கள் பக்கத்தில் எல்லார் வீட்டிலும் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே மாட்டுப் படம் போட்ட தகர டப்பா ஒன்று இருக்கும். கறவை மாட்டின் மடி வெடிக்காமல் இருக்கத் தடவுகிற களிம்பு. மாடு இல்லாத வீட்டிலும் இருக்கும். நீங்களும் பரோயே தீவுகளில் பிறந்தவர்தானே, உங்கள் வீட்டிலும் இருக்கும். கடலிலிருந்து வந்தவன், ஆட்டுக்கு ரோமம் கத்தரித்துவிட்டு வந்தவள், குளிரில் நடந்து வந்த பாதிரியார், யாராக இருந்தாலும் வந்ததும் ஒரு விரல் எடுத்துக் கையிலும் உதட்டிலும் கன்னத்திலும் தேய்த்துக்கொள்வார்கள். யார் வீட்டு டப்பா என்று பார்ப்பதில்லை. மூடியில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்தவர்கள் இந்த ஊரில் கிடையாது. உப்பில் என்ன கலந்திருக்கிறது என்று யாராவது கேட்பார்களா?

மொர்த்தன் ஒரே கயிற்றில் ஆயிரக்கணக்கான கொக்கிகள் தொங்குகிற ஆயிரங்கால் தூண்டில் போடுகிற கப்பலில் மேட். கேப்டனுக்கு அடுத்தவன். அவர் தூங்கும் நேரமெல்லாம் சுக்கான் இவன் கையில்தான். ஒவ்வொரு தூண்டிலுக்கும் இரை மீனைக் குத்திக் குத்தி, அந்த உப்புத் தண்ணீரில் கை ஊறி, விரலிடுக்கெல்லாம் சொறி வந்து ஒருமுறை சீழ் கட்டிக்கொண்டது. டாக்டர் கிர்ஸ்டன் அன்று அவன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒழுங்காகத்தான் பார்த்தார். கிருமியைக் கொல்கிற மருந்தும், வீக்கத்தையும் அரிப்பையும் அடக்குகிற ஸ்டீராய்டும் ஒன்றாகச் சேர்ந்த களிம்பை எழுதிக் கொடுத்தார். அதை வாங்க மருந்துக்கடைக்கு நான் போனேன். கடையை நடத்துகிற இங்குன் என்னோடு பள்ளியில் படித்தவள்.

"இங்க பாரு ராக்னா, மொர்த்தன்கிட்ட சொன்னா இந்தக் காதுல வாங்கி அந்தக் காதுல விட்டுருவான். அதான் உன்கிட்ட சொல்றேன். காலைல ஒரு தடவ, சாயந்தரம் ஒரு தடவ. புண்ணு இருக்கற எடத்துல மட்டும், மெல்லிசா. ரொட்டிக்கு வெண்ண தடவற மாதிரி அப்பக் கூடாது."

"எத்தன நாளைக்கு?"

"ரெண்டு வாரத்தத் தாண்டாத. அதுக்குள்ள சரியாகலன்னா டாக்டர்கிட்ட போகணும். நீங்களா அடுத்த டியூப்பப் பிதுக்கக் கூடாது. முகத்துல போடாத. கண்ணுக்குக் கிட்டவே கொண்டு போகாத. மேல பிளாஸ்டிக்க சுத்தி மூடாத. நீ தடவி விட்டா உன் கையக் கழுவிடு. முக்கியமா, வேற யாருக்கும் குடுக்காத. ஒருத்தன் டப்பாவுல ஊரே விரல விடறவங்கதான நீங்க."

"எங்க வீட்ல அப்பிடி ஒண்ணும் கெடையாது."

"உங்க வீட்லதான் மொதல்ல. நல்ல மருந்துடி இது, ஆனா அளவுக்கு மிஞ்சினா அமுதமும் நஞ்சு."

எனக்கு ஞாபகசக்தி அதிகம். அவள் சொன்னதை அவள் சொன்ன வரிசையிலேயே இப்போது உங்களுக்குச் சொன்னேன், பார்த்தீர்களா? அதனால் தெரியாமல் செய்தாள் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

கை சீக்கிரமே ஆறிவிட்டது. டியூப்பில் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. மிஞ்சிய மருந்தைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். கரண்டிகள் வைக்கிற இழுப்பறையில் போட்டு வைத்தேன்.

என் அப்பா கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. அண்ணனும் அப்படித்தான். அப்பாவின் உடல் கிடைத்தது, அண்ணனுடையது கிடைக்கவில்லை. இந்த ஊரில் இது பெரிய கதை இல்லை, பாதி வீடுகளில் இதே கதைதான். அதனால் நான் மொர்த்தனைக் கட்டிக்கொண்டபோதே ஒரு வாக்கு வாங்கியிருந்தேன். மகள் பெரியவளானதும் கரையேறிவிட வேண்டும் என்று. மகள் பெரியவளாகி, டென்மார்க்கில் குடியேறி, அவளுக்கே முடி நரைக்க ஆரம்பித்துவிட்டது. அவன் மட்டும் கரையேறவில்லை. இந்த மேசையில்தான், நீங்கள் உட்கார்ந்திருக்கிற இடத்தில்தான் அவன் உட்கார்ந்திருந்தான்.

"இன்னும் ஒரே ஒரு சீசன் ராக்னா."

"போன வருஷமும் இதையேதான்டா சொன்ன."

"போன வருஷம் சொன்னது போன வருஷத்துக்கு."

"தரையில உனக்கு அப்பிடி என்ன கசக்குது?"

"தரை ஆட மாட்டேங்குதே. எனக்குத் தூக்கம் வரல."

சொல்லிவிட்டு அவனே சிரித்தான். நானும் சிரித்தேன். அவன் நகைச்சுவைக்கு நான் எப்போதும் சிரித்துவிடுவேன், எரிச்சலாக இருந்தாலும்.

அந்த முறை அவன் கரையில் இருந்தபோது இமைகள் சிவந்து, செதில் செதிலாக உரிந்துகொண்டிருந்தன. காற்றும் உப்பும்தான் காரணம். முஷ்டியால் கண்ணைத் தேய்த்துக்கொண்டே இருந்தான். மாட்டு டப்பாவிலிருந்து எடுத்துத் தடவினேன், கேட்கவில்லை. அப்போதுதான் இழுப்பறையைத் திறந்தேன். இங்குன் சொன்னது நினைவிருந்தது. ஒரே ஒரு முறைதானே என்று நினைத்துக்கொண்டேன். ஒரு முறையால் யார் கண்ணும் போவதில்லை, அதையும் பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். மறுநாள் காலையில் இமை வழவழவென்று இருந்தது. "உன் கையில மந்திரம் இருக்குடி" என்றான். அன்று மாலை அவனாகவே அடுப்புப் பக்கத்து முக்காலியில் வந்து உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு முகத்தைத் தூக்கிக் காட்டினான்.

அந்த முகத்தை நான் அதற்குமுன் அப்படிப் பார்த்ததில்லை. கரைக்கு வந்தாலும் ஜன்னலையே பார்த்துக்கொண்டு, காற்று எந்தப் பக்கம் என்று முணுமுணுக்கிறவன். அந்தக் கொஞ்ச நேரம் மட்டும் அவன் எங்கும் போகவில்லை. என் விரலுக்குக் கீழே இருந்தான். எனக்கு அழுகை வந்தது. சந்தோஷத்தில் வந்ததுதான்.

அவன் கப்பலேறிய பிறகு, ஒரு மழை நாளில் மருந்துக்கடைக்குப் போனேன்.

"இங்குன், கோப்பன்ஹேகன்ல என் தங்கச்சி மக ஒருத்தி அந்த ஸ்டீராய்டு களிம்பக் கண்ணோரமா போட்டுட்டு இருக்காளாம். என்ன ஆகும்?"

இங்குன் கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தாள். "மொதல்ல நிறுத்தச் சொல்லு. கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறும். வலிக்காது, செவக்காது. ஓரத்துலேர்ந்து பார்வை தேஞ்சுக்கிட்டே வரும். வாசக்கால்ல மோதற வரைக்கும் தெரியவே தெரியாது. போனது போனதுதான், திரும்பாது."

"எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும் இல்ல. யாருக்குன்னு முன்னாடியே சொல்ல முடியாது, அதான பயமே. போன் பண்ணு அவளுக்கு, இன்னைக்கே பண்ணு."

பண்ணுகிறேன் என்று சொல்லி நன்றி கூறினேன். வருகிற வழியில் கம்பு ரொட்டி ஒன்று வாங்கினேன், வீட்டில் தீர்ந்துபோயிருந்தது. வழியெல்லாம் அவள் சொன்னதில் ஒன்றுதான் மனதில் நின்றது. வலிக்காது என்றாள். மொர்த்தனுக்கு வலிக்கிற மாதிரி எதையும் செய்ய எனக்கு மனம் வராது.

கப்பலில் சுக்கான் பிடிக்கிறவன் இரண்டாண்டுக்கு ஒரு முறை உடல் தகுதிச் சோதனைக்குப் போக வேண்டும், உங்களுக்கே தெரியும். சுவரில் எழுத்துப் பலகை மாட்டியிருப்பார்கள். எனக்கு வேண்டியிருந்தது அதன் கடைசி வரி மட்டும்தான். அதை அவன் படிக்காமல் விட்டால் போதும், கரையில் உட்கார வைத்துவிடுவார்கள். கடல் அவனை முழுசாக எடுத்துக்கொள்வதைவிட, கடைசி வரியை மட்டும் நான் எடுத்துக்கொள்வது மேல் என்று பட்டது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது, இல்லையா? எனக்கும் அப்படித்தான் இருந்தது.

ஒரு டப்பாவை அடுப்பருகே வைத்து இளக்கி, பாதியைக் கொட்டிவிட்டு, களிம்பு டியூப்களைப் பிதுக்கிக் கலந்தேன். ஆறியதும் பார்த்தால் நிறத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. அந்த டப்பாவைச் சுற்றிச் சிவப்புக் கம்பளி நூல் கட்டி, "இது உன் முகத்துக்கு மட்டும், மத்தவங்க கைய விட வேணாம்" என்று சொல்லி அவன் பையில் வைத்தேன். தொட்டிக்கு மேலே இருக்கிற டப்பாவில் நான் கை வைக்கவில்லை. விருந்தாளிகள் தொடுகிற பொருள்.

டியூப்கள் எப்படிக் கிடைத்தன என்று கேட்பீர்கள். கணவன் கடலில் இருக்கும்போது அவனுக்காக மனைவி பேசுவது எங்கள் வழக்கம். வங்கிக்கும் அவள்தான் பேசுவாள், பல் டாக்டருக்கும் அவள்தான் பேசுவாள். நான் மருத்துவமனைக்குப் போன் செய்து, மொர்த்தனுக்குக் கையில் மறுபடியும் வந்துவிட்டது என்பேன். இங்குன் கண்ணில் படாமல் இருக்கத் தோர்ஷான் கடையிலிருந்து வரவழைப்பேன், பொட்டலத்தைப் பஸ் டிரைவர் கொண்டுவந்து வாசலில் கொடுப்பார். டாக்டர் கிர்ஸ்டன் சும்மா விடவில்லை, ஒருமுறை கேட்டார்.

"நான் அவரப் பாக்கணுமேம்மா. இவ்ளோ நாளு போடற மருந்து இல்ல இது."

"கப்பல் வந்ததும் கூட்டிட்டு வரேன் டாக்டர். அங்க கை வெடிச்சு ரத்தம் வருதாம், பாவம்."

கப்பல் வந்தது. நான் கூட்டிக்கொண்டு போகவில்லை. அவர் டென்மார்க்காரர். இந்த ஊரில் மனைவிமார் சொல்வதை நம்ப வேண்டும் என்று அவருக்கு நாங்கள்தான் கற்றுக்கொடுத்திருந்தோம். இல்லாவிட்டால் மூன்று வார்த்தைக்கு ஒரு தடவை, 'உங்க ஊர்ல வேணா அப்படி இருக்கலாம்' என்று குத்திக்காட்டுவோம். அவர் நல்லபடியாகக் கற்றுக்கொண்டார்.

ஹானுஸ் என்று ஒருவன், கப்பலில் சமையல்காரன், நாலு வீடு தள்ளி இருக்கிறான். நூல் கட்டிய டப்பாவை அவனும் விட்டுவைக்கவில்லை என்பது அவன் முகத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. கன்னமெல்லாம் சிவந்து பொரிந்து வந்து நின்றான்.

"என்ன ராக்னா, உன் புருஷன் டப்பா போட்டப்ப மூஞ்சி பச்சக் கொழந்த மாதிரி இருந்துச்சு. விட்டதும் பாரு, வேகவெச்ச எறா மாதிரி ஆயிட்டேன். எங்க வாங்கின அத?"

"எல்லாரும் வாங்கற எடத்துலதான். உனக்குக் காத்து ஒத்துக்கல."

"இத்தன வருஷமா ஒத்துக்கிட்ட காத்தா?"

"வயசாகுதுல்ல ஹானுஸ்."

"எனக்கா? போன ஓலாவ் திருவிழால உன் புருஷன விட நாந்தான் அதிகம் ஆடினேன், கேட்டுப் பாரு."

சிரித்துக்கொண்டே தொட்டி மேலிருந்த டப்பாவில் ஒரு விரல் எடுத்துப் பூசிப் பார்த்தான். இது வேலைக்காகாது என்றான். அவனுக்குக் காபி போட்டுக் கொடுத்தேன். அவன் முகத்தைப் பற்றி எனக்கு வருத்தம் உண்டு. அவன் இதில் சேர்த்தி இல்லை.

அடுத்த குளிர்காலத்தில் மொர்த்தன் காபியைக் கோப்பைக்குப் பக்கத்தில் ஊற்ற ஆரம்பித்தான். இடது பக்கம் நாய் படுத்திருந்தால் மிதித்துவிடுவான். ஒரு நாள் உள்ளே வரும்போது தோளை இடித்துக்கொண்டு, "வாசக்கால யாருடி நகத்தி வெச்சது?" என்றான். நான் வழக்கம்போலச் சிரித்தேன். பிறகு இறைச்சி உலர்த்தும் கொட்டகைக்குப் போய், தொங்குகிற ஆட்டுத் தொடைகளுக்கு நடுவே கொஞ்ச நேரம் நின்றேன். என் விரலே என் கண்ணைக் குத்திக்கொண்டிருக்கிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் திரும்பி வந்து இரவுச் சாப்பாட்டுக்கு உருளைக்கிழங்கு வேக வைத்தேன். அன்று மாலையும் அவன் முக்காலியில் உட்கார்ந்தான்.

சோதனை நாளன்று அது கடைசி வரியோடு நிற்கவில்லை. இடது கண்ணை மட்டும் வைத்துப் பார்க்கச் சொன்னபோது, "பலகை எங்க இருக்கு?" என்று கேட்டானாம். சான்றிதழைப் பிடுங்கிக்கொண்டு, அன்றைக்கே கண் மருத்துவரிடம் அனுப்பினார்கள். காரில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். நான் நினைத்தது நடந்துவிட்டது, இனி அவன் கரையில்தான். அவன் அழுதான். கடலை விட்டதற்காக அழுகிறான் என்று நினைத்து முதுகைத் தடவினேன்.

"அதில்ல ராக்னா. போன மாசம் புயல்ல நாந்தான சுக்கான் புடிச்சேன். பாதி கண்ணு தெரியாமயே புடிச்சிருக்கேன். உள்ள அத்தன பேரும் என்ன நம்பித் தூங்கிட்டு இருந்தாங்க. ஹானுஸு தூங்கிட்டு இருந்தான்."

உங்களிடம் மறைக்காமல் சொல்கிறேன், அந்த நிமிஷம் வரை அவர்களைப் பற்றி நான் ஒரு தடவைகூட நினைத்ததில்லை. ஒருவனைக் கடலிடமிருந்து காப்பாற்றுவதாகச் சொல்லிக்கொண்டு, பார்வை தேய்ந்துகொண்டிருந்தவனை ஒவ்வொரு முறையும் நானே வழியனுப்பி வைத்திருக்கிறேன், டப்பாவையும் பையில் வைத்து. அப்பாவும் அண்ணனும் போன அதே தண்ணீருக்கு. அப்படியென்றால் நான் செய்தது எதற்காக? அந்தக் கேள்வியை அன்று அதற்குமேல் யோசிக்கவில்லை. மழை பலமாக இருந்தது, சாலையைப் பார்த்து ஓட்ட வேண்டியிருந்தது.

கண் மருத்துவர் நம் ஊர்க்காரர், வயதானவர். வெகுநேரம் பார்த்தார்.

"கண்ணச் சுத்தி எதாவது கிரீம் போடறீங்களா?"

"கிரீமா? நானா? மாட்டு டப்பாதான் டாக்டர். ஊரே போடறது."

"அது நானுந்தான் போடறேன்" என்று சிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "வேற எதாவது? நல்லா யோசிச்சு சொல்லுங்கம்மா."

"இல்ல" என்றேன்.

அந்த ஒரு சொல்லுக்காகவே என்னைக் கழுவேற்றலாம். களிம்பைத் தடவும்போது என்னிடம் ஒரு நியாயம் இருந்தது, கோணலோ நேரோ, இருந்தது. இந்தச் சொல்லைச் சொல்லும்போது எதுவும் இல்லை. பயம்தான் இருந்தது. இடது கண் திரும்பாது, ஆனால் வலது கண்ணை நிறுத்திவிடலாம் என்றார் அவர். சொட்டு மருந்தைத் தவறாமல் விட வேண்டும், அழுத்தத்தை ஏற்றுகிற எதுவும் இருக்கக் கூடாது என்றார். வீட்டுக்கு வந்ததும் நூல் கட்டிய டப்பாவை எடுத்துப் போய்ப் பாறை மேலிருந்து கடலில் எறிந்தேன்.

அதன் பிறகு அவன் வீட்டில் இருந்தான். நான் அவனுக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டேன், மீனில் முள் எடுத்துக் கொடுத்தேன், ஞாயிற்றுக்கிழமை கையைப் பிடித்துத் தேவாலயத்துக்கு அழைத்துப் போனேன். கண்ணை இமை காக்கிற மாதிரி காக்கிறாள் என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். அந்தச் சொல் காதில் விழும்போதெல்லாம் பூமி பிளந்து என்னை விழுங்கக் கூடாதா என்று இருக்கும். ஆனால் நேர்மையாகச் சொல்ல வேண்டுமென்றால், இன்னொரு தடவை சொல்லமாட்டார்களா என்றும் இருக்கும்.

சொட்டு மருந்து விட்டும் வலது கண்ணில் அழுத்தம் இறங்கவில்லை. கண் மருத்துவருக்குச் சந்தேகம் வந்து, என்னென்ன மருந்து எழுதப்பட்டது என்று தேடியிருக்கிறார். டியூப் டியூப்பாகக் களிம்பு போயிருப்பது தெரிந்துவிட்டது. என்னைக் கேட்டார்கள். டாக்டர் எழுதிக் கொடுத்தார், நாங்கள் கைக்குப் போட்டோம், அந்தக் கையால் கண்ணைத் தேய்த்திருப்பான், இப்போது நிறுத்திவிட்டோம் என்றேன். ராக்னா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்றான் மொர்த்தன், எல்லாரும் தலையை ஆட்டினார்கள். புகார் கிர்ஸ்டன் மேல் போய் உட்கார்ந்தது.

போன வாரம் அவர் இங்கே வந்தார். யாரும் வரச் சொல்லவில்லை, அவராக வந்தார். மொர்த்தன் எதிரே உட்கார்ந்து, தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டிருந்தார்.

"நான் உங்கள நேர்ல பாத்திருக்கணும். பாக்காம எழுதிக் குடுத்தேன். என்னால எனக்கே சமாதானம் சொல்லிக்க முடியல. மன்னிச்சிருங்க மொர்த்தன்."

"அட விடுங்கம்மா. கடல்ல கெடக்கறவன நீங்க எங்கேர்ந்து பாப்பீங்க? எனக்கென்ன கொறச்சல்? என் கண்ணு ரெண்டும் அதோ நிக்குது பாருங்க" என்று என் பக்கம் கையைக் காட்டினான்.

நான் அவன் காட்டிய இடத்தில் இல்லை. அவனுக்குத் தெரியாத இடது பக்கத்தில், அடுப்படியில் நின்றிருந்தேன். டாக்டர் மட்டும் திரும்பி என்னைப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உங்கள மாதிரி ஒருத்தங்க இருக்கறதே அவருக்குப் பெரிய பலம்" என்றார். நான் அவருக்குக் காபி கொடுத்தேன். அவர் ஊருக்குத் திரும்பப் பெட்டி கட்டுகிறார், இனி மருத்துவமே வேண்டாம் என்கிறார் என்று இங்குன் சொன்னாள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால்தான் இதெல்லாம் சொல்கிறேன். அவர் பெயரை நீக்கிவிடுங்கள். என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.

நீங்கள் பேனாவை மூடுகிறீர்கள். வேண்டியது கிடைத்துவிட்டது, டாக்டர் தப்பித்தார். ஆனால் ஒன்றை நீங்கள் கேட்கவில்லை. டப்பாதான் கடலில் போய்விட்டதே, சொட்டு மருந்தும் தவறாமல் விடுகிறாள், பிறகு வலது கண்ணில் ஏன் அழுத்தம் இறங்கவில்லை? கண் மருத்துவருக்கே அது புரியவில்லை. அடுத்த வாரம் கத்தி வைத்துப் பார்க்கலாம் என்கிறார்.

டப்பாவை எறிந்தது உண்மை. நிறுத்தியதும் அவன் இமை வெடித்துச் சிவந்து வீங்கியதும் உண்மை. இரண்டு நாள் தாங்கினான். பிறகு, "ராக்னா, அந்த டப்பா எங்கடி? அரிப்பு உயிர் போவுது" என்றான். இங்குனிடம் போயிருக்கலாம். கண் மருத்துவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இழுப்பறையில் பிரிக்காத டியூப்கள் கிடந்தன. அதே வாரம்தான் ஹானுஸ் வந்து, சின்னப் படகில் தூண்டில் போட வருகிறாயா என்று கேட்டான். "துடுப்ப நான் போடறேன், நீ சும்மா உக்காரு. அந்தச் சாவித் துவாரம் போதும்டா, மீனு என்ன பறந்தா போவப் போவுது?" மொர்த்தன் சிரித்தான். கரைக்கு வந்த பிறகு அவன் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. வருகிறேன் என்றான்.

கரையை ஒட்டிய தண்ணீர் அது, குழந்தைகள் போகிற இடம். அங்கே யாரும் மூழ்கியதில்லை.

அவனை இன்றைக்கே தோர்ஷானுக்கு அழைத்துப் போய்விடுங்கள். மாலைக்கு முன்னால். ஏன் என்று நீங்களே சொல்லிவிடுங்கள், எனக்கு வாய் வராது. சொட்டு மருந்தைக் காலையில் நான்தான் விடுகிறேன், ஒரு நாளும் தவறவில்லை. மாலையானால் அவன் முக்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடி முகத்தைத் தூக்குகிறான். நேற்றும் தூக்கினான். நேற்றும் தடவினேன், இரண்டு கண்ணுக்கும். அவன்தான் கேட்டான். அவன் கேட்டு நான் எதையும் இல்லையென்று சொன்னதில்லை.